யார் பார்ப்பதற்காக? பல்கலைக்கழகங்களின் சமூகப் பொறுப்பும் சமூக ஊடகமும்

தமிழ்நாட்டுக் கல்லூரி, பல்கலைக்கழக முகநூல் பக்கங்களில் ஒரு வகைப் படம் தவறாமல் கண்ணில் படும். நடுவில் முதல்வரோ துறைத்தலைவரோ, கையில் மரக்கன்று. இருபுறமும் தொப்பி அணிந்த நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள். பின்னால் ஃபிளக்ஸ் பேனர். ஓரத்தில் ஊர்க்காரர்கள் இரண்டு பேர். படத்தின் அடியில் ஒரு கறுப்புப் பட்டை. அதில் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம், கூடவே சின்னதாக ஒரு வரைபடம். 'ஜிபிஎஸ் மேப் கேமரா' போன்ற செயலிகள் பதிக்கிற முத்திரை அது. ஊர்க்காரருக்கு அந்த அட்சரேகையால் ஒரு பயனும் இல்லை. அவர் அங்கேதான் குடியிருக்கிறார். அது தேவைப்படுவது வேறு ஆளுக்கு. உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் ஆய்வுக்குத் தயாராகும், கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவான ஐக்யூஏசியின் ஒருங்கிணைப்பாளர், விரிவாக்கப் பணி நடந்ததற்குச் சான்று வைக்க வேண்டும். இடமும் தேதியும் பதிந்த படம்தான் அங்கே செல்லுபடியாகும். கோப்புக்காக எடுத்த அதே படம் முகநூலுக்கும் போகிறது, இன்ஸ்டாகிராமுக்கும் போகிறது.

பல்கலைக்கழகங்கள் தங்கள் சமூகப் பொறுப்பைச் சமூக ஊடகத்தில் எப்படிப் பேசுகின்றன என்பது பற்றி உலகெங்கும் ஆய்வுகள் குவிந்துவருகின்றன. எத்தனை பதிவு, எத்தனை லைக், படத்துக்கு வரவேற்பா காணொலிக்கா, பின்னூட்டத்துக்குப் பதில் சொல்கிறார்களா என்று பொறுமையாக எண்ணியிருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஒரு கேள்வியை மட்டும் ஓரமாக விட்டுவிடுகின்றன: இந்தப் பதிவு யாரை நோக்கிப் பேசுகிறது? யார் பார்த்துத் திருப்தியடைந்தால் எழுதியவரின் வேலை முடிகிறது? அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு இந்த விஷயம் முழுவதையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

பல்கலைக்கழகம் மதில் சுவருக்கு வெளியே இருப்பவர்களோடு பேச வேண்டும் என்ற எண்ணம் இணையத்துக்கு முந்தியது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தன் எல்லை மாநிலத்தின் எல்லைதான் என்ற கொள்கையை வகுத்துக்கொண்டது. அங்கே இயற்பியல் துறையினர் சோதனைக்காக அமைத்த வானொலி நிலையம் 1921ல் வானிலை அறிக்கையைக் குரலில் ஒலிபரப்பியது. கேட்டவர்களில் விவசாயிகள் நிறையப் பேர். தென்அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டு அர்ஜென்டினாவின் கோர்தொபா நகரில் மாணவர்கள் நடத்திய கிளர்ச்சி, பல்கலைக்கழக நிர்வாகத்தில் மாணவருக்கு இடம் கேட்டதோடு நிற்காமல், சமூகத்தோடு உறவு கொள்வதைப் பல்கலைக்கழகத்தின் கடமைகளில் ஒன்றாக்கியது. இந்தியாவில் காந்தி நூற்றாண்டான 1969ல் நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது.

சென்னையில் இன்னொரு தொடக்கமும் உண்டு. நாட்டின் முதல் வளாகச் சமூக வானொலியான அண்ணா எஃப்எம், அண்ணா பல்கலைக்கழகத்திலிருந்து 2004 பிப்ரவரி 1 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 4 அன்று, ஹார்வர்டு விடுதி அறையில் ஃபேஸ்புக் பிறந்தது. இரண்டுமே பல்கலைக்கழக வளாகத்தில் முளைத்தவை. ஒன்றின் அலை சுற்றியுள்ள சில கிலோமீட்டர்தான் எட்டும், ஆகவே அந்தச் சுற்றுவட்டாரத்துக் குடியிருப்புகளுக்குப் பயன்படுகிற விஷயத்தைத்தான் அது பேசியாக வேண்டும். மற்றதற்கு எல்லையே இல்லை. எல்லை இல்லாததால் பக்கத்துத் தெரு அதன் கணக்கில் வரவில்லை.

இனி 'சமூகப் பொறுப்பு' என்று எதைச் சொல்வது என்ற சிக்கல். வணிக நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு பற்றிய பேச்சு பல்கலைக்கழகத்துக்குள் வந்தபோது, அதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டு யோசித்தவர்கள் லத்தீன் அமெரிக்கர்கள். சிலே நாட்டுப் பல்கலைக்கழகங்கள் 2000களின் தொடக்கத்தில் இதற்கென்றே ஒரு கூட்டு முயற்சியில் இறங்கின. லிமாவில் பணியாற்றிய பிரெஞ்சுத் தத்துவவாதி பிரான்ஸுவா வலேஸ் முன்வைத்த வாதம் இன்றும் கூர்மையானது. கிராமத்துக்குப் போய் முகாம் போடுவது விரிவாக்கப் பணி, அது நல்லதுதான், ஆனால் பொறுப்பு என்பது அதைவிட அகலமானது. ஒரு பல்கலைக்கழகம் தன் அன்றாட இயக்கத்தால் என்னென்ன பாதிப்புகளை உண்டாக்குகிறது என்று கணக்குப் பார்ப்பதுதான் பொறுப்பு என்றார் அவர். ஊழியர்களை எப்படி நடத்துகிறது, எவ்வளவு தண்ணீரையும் மின்சாரத்தையும் செலவழிக்கிறது, எப்படிப்பட்ட பட்டதாரிகளை உருவாக்குகிறது, எந்த அறிவை உற்பத்தி செய்கிறது, எந்த அறிவைப் புறக்கணிக்கிறது, சுற்றியுள்ள சமூகத்தோடு என்ன உறவு வைத்திருக்கிறது என்று நிறுவன, கல்வி, அறிவு, சமூகப் பாதிப்புகளாக அதைப் பிரித்தார்.

பெரு நாடு இதைச் சட்டமாகவே ஆக்கியது. 2014ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டம் (எண் 30220) சமூகப் பொறுப்பு என்றால் என்னவென்று ஒரு பிரிவில் வரையறுத்து, பட்ஜெட்டில் குறைந்தது 2 விழுக்காட்டை அதற்கு ஒதுக்கவும் சொல்கிறது. சட்டம் வந்தால் அறிக்கை வரும். அறிக்கை வந்தால் படம் வரும். இது எல்லா நாட்டுக்கும் பொது.

வலேஸின் பிரிவினையை வைத்து எந்தப் பல்கலைக்கழகப் பக்கத்தையும் ஒரு மாதத்துக்குப் பின்னோக்கிப் புரட்டிப் பாருங்கள். நான்காவது வகைதான் நிரம்பி வழியும்: ரத்த தானம், மரம் நடுதல், கடற்கரைத் தூய்மை, மருத்துவ முகாம், விழிப்புணர்வுப் பேரணி. முதல் வகை ஏறக்குறைய இருக்கவே இருக்காது. கௌரவ விரிவுரையாளருக்கு ஊதியம் எவ்வளவு, எத்தனை மாதம் நிலுவை, துப்புரவுப் பணியாளர் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்கிறாரா நிறுவனத்திடமா, விடுதிக் கழிவுநீர் எங்கே போகிறது என்று எந்த இன்ஸ்டாகிராம் ரீலும் சொல்லாது. வெளியாருக்குச் செய்வது கொடை, அதைக் காட்டினால் பெருமை. உள்ளே இருப்பவருக்குச் செய்ய வேண்டியது கடன். அதைக் காட்டினால் பாக்கி எவ்வளவு என்று யாராவது கேட்பார்கள்.

ஆய்வுலகம் இதை எப்படிப் பார்த்திருக்கிறது? மக்கள் தொடர்புத் துறையின் பழைய அடித்தளம், 1984ல் ஜேம்ஸ் குரூனிக்கும் டாட் ஹண்ட்டும் வகுத்த நான்கு மாதிரிகள். விளம்பரப் பரபரப்பில் தொடங்கி, செய்தி தருவது, எதிராளியை அறிந்து அவரை இணங்க வைப்பது என்று போய், இருதரப்பும் ஒருவரையொருவர் மாற்ற இடம் தரும் சமநிலை உரையாடல் வரை. இணையம் வந்ததும் 1998ல் மைக்கேல் கென்ட்டும் மோரீன் டெய்லரும் அந்தச் சமநிலை உரையாடலை இணையதளங்களில் அளப்பதற்கு ஐந்து கொள்கைகளைச் சொன்னார்கள். கேள்வி கேட்க வழி உண்டா, பயனுள்ள தகவல் உண்டா, வந்தவர் திரும்பி வரக் காரணம் உண்டா என்பது மாதிரி. அதன்பின் வந்த ஆய்வாளர்களுக்கு அது ஒரு சரிபார்ப்புப் பட்டியலாகிவிட்டது. நிறுவனம் மாறும், ஊடகம் மாறும், பட்டியல் மட்டும் மாறாது. முடிவும் மாறாது: வாய்ப்பு இருந்தும் உரையாடவில்லை, ஒருவழிச் செய்திதான் போகிறது. அமெரிக்கக் கல்லூரிகளின் ட்விட்டர் பதிவுகளை ஆராய்ந்து டேரன் லின்வில்லும் உடன் ஆய்வாளர்களும் 2012ல் வெளியிட்ட கட்டுரையும் அதையே சொன்னது. கல்லூரிகள் ட்விட்டரைப் பொதுவான செய்திப் பலகையாகத்தான் பயன்படுத்துகின்றன என்று. பன்னிரண்டு ஆண்டுக்கு மேலாக இதே முடிவை வெவ்வேறு நாட்டில் வெவ்வேறு ஆட்கள் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்றால், அது நிறுவனங்களின் சோம்பலாக மட்டும் இருக்க முடியாது. உரையாடாமல் இருப்பதற்கு அவற்றுக்கு நல்ல காரணம் இருக்கிறது. அதைத் தேடுவதுதான் சுவையான வேலை.

கூடவே ஒரு முறையியல் குறையையும் சொல்ல வேண்டும். இந்த ஆய்வுகளில் மிகப் பெரும் பங்கு ட்விட்டரைப் பற்றியது. உலகத்துப் பல்கலைக்கழகங்கள் ட்விட்டரில் வாழ்ந்ததால் அல்ல. ட்விட்டர் தன் தரவை ஆய்வாளர்களுக்கு எளிதாகத் தந்ததால். அந்தக் கதவு 2023ல் இலவசமாகத் திறப்பதை நிறுத்தியது. முகநூல் பக்கங்களை அளக்க உதவிய கிரவுட்டாங்கிள் கருவியை மெட்டா 2024 ஆகஸ்ட்டில் மூடிவிட்டது. இந்தியப் பெற்றோரும் மாணவரும் ஊழியரும் உண்மையில் பேசிக்கொள்கிற வாட்ஸ்அப் குழுக்கள் எந்தக் காலத்திலும் இந்தத் தரவுக்குள் இருந்ததில்லை. ஆக, நாம் படிப்பது பல்கலைக்கழகங்கள் என்ன பேசின என்பதைப் பற்றி அல்ல. எதை எண்ண முடிந்ததோ அதைப் பற்றி.

இனி அந்த நல்ல காரணம். டைம்ஸ் ஹையர் எஜுகேஷன் நிறுவனம் 2019ல் ஒரு புதிய தரவரிசையைத் தொடங்கியது. ஆய்வுக் கட்டுரை எண்ணிக்கையை வைத்து வரிசைப்படுத்தும் வழக்கத்துக்கு மாறாக, ஐநாவின் 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளுக்குப் பல்கலைக்கழகம் என்ன செய்தது என்று கேட்கும் வரிசை அது. முதல் இரண்டு ஆண்டுகளும் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகம் முதலிடம் பெற்றது. எண்ணம் நல்லது. ஆனால் விதிகளுக்குள் ஒரு நுணுக்கம் உண்டு: சொன்னதற்குச் சான்று வேண்டும், அந்தச் சான்று யாரும் பார்க்கும்படி பொதுவெளியில் இருந்தால் மதிப்பெண் கூடும். வெளிப்படைத்தன்மையை ஊக்குவிக்க வைத்த விதி. நடைமுறையில் அது என்ன செய்யும் என்று ஊகிப்பது கடினமல்ல. ஒவ்வொரு முகாமும் ஒரு இணைப்பாக வேண்டும். ஒவ்வொரு இணைப்பிலும் இலக்கின் வண்ணச் சதுரம் ஒட்டப்பட வேண்டும். பசி ஒழிப்பு என்றால் இரண்டு, பாலினச் சமத்துவம் என்றால் ஐந்து. சில பக்கங்களில் பொங்கல் விழாப் படத்துக்கும் இலக்கு எண் கொடுத்திருக்கிறார்கள்.

இந்தியாவில் இதற்கு இன்னும் சில அடுக்குகள். நாக் அமைப்பின் ஏழு அளவுகோல்களில் மூன்றாவது விரிவாக்கப் பணியைக் கேட்கிறது, ஏழாவது நிறுவன விழுமியங்களையும் 'சிறந்த நடைமுறைகள்' இரண்டையும் கேட்கிறது. 2016ல் முதல் பட்டியலை வெளியிட்ட, மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசையில் ஐந்து தலைப்புகள். அவற்றில் 'எட்டுதலும் உள்ளடக்கலும்' என்பதற்கு 10 விழுக்காடு, 'பிறர் பார்வை' என்பதற்கு 10 விழுக்காடு. இரண்டும் ஒரே எடை என்பதைக் கவனியுங்கள். முதலாவது, வேறு மாநில மாணவர், பெண்கள், பொருளாதாரத்திலும் சமூகத்திலும் பின்தங்கியோர், மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி என்று உண்மையான எண்ணிக்கையைக் கேட்கிறது. அதை உயர்த்தச் சேர்க்கைக் கொள்கை மாற வேண்டும், கட்டணம் குறைய வேண்டும், சாய்தளம் கட்ட வேண்டும், ஆண்டுக்கணக்கில் ஆகும். இரண்டாவது, சக கல்வியாளரும் வேலை தருவோரும் என்ன நினைக்கிறார்கள் என்ற கணிப்பு. அதை உயர்த்த ஒரு நல்ல ஒளிப்படக்காரரும் ஒரு வடிவமைப்பாளரும் போதும் என்று நினைக்காத நிர்வாகி அபூர்வம்.

2014 நவம்பரில் தொடங்கிய உன்னத் பாரத் அபியான் திட்டத்தின்படி உயர்கல்வி நிறுவனங்கள் ஐந்தைந்து கிராமங்களைத் தத்தெடுக்கின்றன. தத்தெடுத்த கிராமத்தில் வகுப்பறைப் படிப்பை வைத்துக் குடிநீர், சுகாதாரம், விவசாயப் பிரச்சினைகளுக்குத் தீர்வு காண்பது நோக்கம். நல்லபடி நடத்தும் நிறுவனங்கள் இருக்கின்றன. திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராமம் மாதிரி, கிராமத்தை வைத்தே பாடத்திட்டம் அமைத்த நிறுவனங்கள் இந்தத் திட்டம் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே இருந்தன. ஆனால் பல இடங்களில் கிராமம் ஆண்டுக்கு இரண்டு முறை படத்தில் தோன்றுகிற பின்புலமாக நின்றுவிடுகிறது.

எல்லாவற்றையும்விட வெளிப்படையான ஆவணம் 2019 ஜூலையில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்தின் உயர்கல்விச் செயலர் எழுதிய கடிதம். ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனமும் ஒரு 'சோஷியல் மீடியா சாம்பியன்' என்பவரை நியமிக்க வேண்டும். ட்விட்டர், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் கணக்குகளைத் தொடங்கி அமைச்சகக் கணக்கோடு இணைக்க வேண்டும். மாணவர்களின் கணக்குகளையும் இணைக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு நல்ல செய்தியையாவது வெளியிட வேண்டும். பிற நிறுவனங்களின் நல்ல செய்திகளை மறுபகிர்வு செய்ய வேண்டும். மாணவர் கணக்கைக் கண்காணிக்கப் பார்க்கிறார்கள் என்று எதிர்ப்பு எழுந்ததும் அந்தப் பகுதி கட்டாயம் இல்லை என்று விளக்கம் வந்தது. விவாதம் அதோடு அடங்கிப்போனது. எனக்கு உறுத்துவது அந்த 'வாரம் ஒரு நல்ல செய்தி'தான். ஒரு வாரம் நல்ல செய்தி எதுவும் இல்லையென்றால் என்ன செய்வது என்று கடிதம் சொல்லவில்லை. கெட்ட செய்தி இருந்தால் யார் சொல்வது என்றும் சொல்லவில்லை.

இத்தனை மேலிடங்கள் ஒரே நேரத்தில் படம் கேட்கும்போது, பதிவு எழுதுகிறவர் கீழே இருப்பவரோடு ஏன் உரையாடப் போகிறார்? அவர் பெரும்பாலும் கூடுதல் பொறுப்பாக இதைச் சுமக்கும் உதவிப் பேராசிரியர். பின்னூட்டத்தில் ஒரு மாணவி விடுதிக் குடிநீர் பற்றிக் கேட்டால் பதில் சொல்லும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. ஜான் மேயரும் பிரையன் ரோவனும் 1977ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, நிறுவனங்கள் வெளியுலகத்துக்குக் காட்டும் சடங்கையும் உள்ளே நடக்கும் வேலையையும் ஒன்றோடொன்று முட்டாதபடி தனித்தனியாக வைத்துக்கொள்கின்றன என்று காட்டியது. சமூக ஊடகப் பக்கம் அந்தச் சடங்குப் பக்கத்தைச் சேர்ந்தது.

சிக்கல் என்னவென்றால், பழைய சடங்குகளுக்கு வந்தவர்கள் மேடையைப் பார்த்துக் கைதட்டிவிட்டுப் போனார்கள். இங்கே பார்வையாளர் கையிலும் ஒலிபெருக்கி இருக்கிறது.

பிரிட்டனில் 2022 மார்ச் 8 அன்று நடந்தது இதன் மிகச் சிறந்த உதாரணம். அந்த நாட்டில் 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் ஆண், பெண் ஊதிய இடைவெளியை ஆண்டுதோறும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2017 முதல் விதி உண்டு. பல்கலைக்கழகங்களும் அதில் அடக்கம். தரவு அரசு இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி கிடக்கிறது, யாரும் பார்ப்பதில்லை. மகளிர் தினத்தன்று நிறுவனங்கள் வழக்கம்போல் ஊதா நிறப் படங்களையும் வாழ்த்துகளையும் வெளியிட்டன. ஒரு தானியங்கிக் கணக்கு அந்த ஒவ்வொரு பதிவையும் எடுத்து, இந்த நிறுவனத்தில் பெண்களின் மணிநேர இடைநிலை ஊதியம் ஆண்களைவிட இத்தனை விழுக்காடு குறைவு என்ற ஒரே வரியைச் சேர்த்துப் பகிர்ந்தது. குற்றச்சாட்டு இல்லை, கோபம் இல்லை, நிறுவனமே கொடுத்த எண். பல நிறுவனங்கள் வாழ்த்துப் பதிவை அவசரமாக நீக்கின. சடங்கையும் வேலையையும் பிரித்து வைத்த சுவரை ஒரு எண் இடித்துவிட்டது. பல ஆண்டு உரையாடல் ஆய்வுகள் கற்பிக்காத பாடத்தை அந்த ஒரு நாள் கற்பித்தது என்பேன்.

மாணவர்கள் தொடங்கிய பேச்சு இதைவிட ஆழமாகப் போயிருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் காலனிய ஆட்சியாளர் சிசில் ரோட்ஸின் சிலை பல்லாண்டாக நின்றது. 2015 மார்ச் 9 அன்று ஒரு மாணவர் அதன்மீது மலத்தை வீசி எதிர்ப்பைத் தொடங்கினார். #ரோட்ஸ்மஸ்ட்ஃபால் என்ற ஹேஷ்டேக்கோடு இயக்கம் முகநூலிலும் ட்விட்டரிலும் பரவியது. ஏப்ரல் 9 அன்று கிரேன் வந்து சிலையை இறக்கியது. சரியாக ஒரு மாதம். அதே ஆண்டு அக்டோபரில் ஜோகன்னஸ்பர்கின் விட்ஸ் பல்கலைக்கழகம் 10.5 விழுக்காடு கட்டண உயர்வை அறிவித்தபோது எழுந்த #ஃபீஸ்மஸ்ட்ஃபால் இயக்கம் நாடு முழுக்கப் பரவ, அடுத்த ஆண்டுக்குக் கட்டண உயர்வே கிடையாது என்று குடியரசுத் தலைவர் ஜேக்கப் ஜூமா அறிவிக்கும்படி ஆயிற்று.

அதே 2015ல் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் நிறவெறிச் சம்பவங்களை நிர்வாகம் கண்டுகொள்ளவில்லை என்று கறுப்பின மாணவர்கள் போராடினார்கள். ஒருவர் உண்ணாவிரதம் இருந்தார். நிர்வாகம் அசையவில்லை. நவம்பர் 7 அன்று பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் கறுப்பின வீரர்கள் கைகோத்து நிற்கும் படம் ட்விட்டரில் வந்தது: தலைவர் விலகும்வரை ஆட மாட்டோம். ஆட்டம் ரத்தானால் பல்கலைக்கழகம் பத்து லட்சம் டாலர் இழப்பீடு தர வேண்டியிருக்கும். நவம்பர் 9 அன்று தலைவர் டிம் வுல்ஃப் பதவி விலகினார். பல்கலைக்கழகத்தின் சொந்தக் கணக்கு அத்தனை ஆண்டாகப் பன்மைத்துவம் பற்றிப் போட்ட பதிவுகள் அந்த ஒரு படத்துக்கு முன்னால் நிற்கவில்லை.

ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் சிக்கலானது. அதை நடத்திய மேரிலாந்து இயேசு சபையினர் 1838ல் தங்களிடம் இருந்த 272 அடிமைகளை லூசியானாவுக்கு விற்றார்கள். பணத்தில் ஒரு பகுதி பல்கலைக்கழகத்தின் கடனை அடைத்தது. 2015ல் நிர்வாகமே ஒரு குழு அமைத்து இந்த வரலாற்றை ஆராயத் தொடங்கியிருந்தது. ஆனால் விற்பனையை நடத்தியவரின் பெயரே ஒரு கட்டடத்துக்கு இருந்ததை மாற்றியது அந்த நவம்பரில் மாணவர்கள் நடத்திய உள்ளிருப்புப் போராட்டம்தான். #ஜியூ272 என்பது முழக்கமாயிற்று. விற்கப்பட்டவர்களின் வம்சாவளியினர் கண்டறியப்பட்டார்கள், ஆவணங்கள் இணையத்தில் ஏற்றப்பட்டன, 2017ல் முறையான மன்னிப்புக் கேட்கப்பட்டது. 2019 ஏப்ரலில் மாணவர்கள் பருவம்தோறும் 27.20 டாலரைத் தங்கள் கட்டணத்தோடு கூட்டிக் கட்டி வம்சாவளியினருக்குத் தர வாக்களித்தார்கள். நிர்வாகமோ கட்டணமாக வாங்காமல் நன்கொடை திரட்டுவதாகச் சொன்னது. வலேஸ் சொன்ன நிறுவனப் பாதிப்பு இங்கே பேசப்பட்டது. பேசத் தொடங்கியது நிறுவனம், அதன் விலையைக் கேட்டவர்கள் மாணவர்கள்.

நம் பக்கத்திலும் இப்படி நடந்தவை உண்டு. சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரம் 2015 மே மாதம் நீக்கப்பட்டது. ஜூனில் அது திரும்பத் தரப்பட்டது, மாணவர்கள் முகநூல் வழியாகச் செய்தியை நாடு முழுக்கக் கொண்டுபோன பிறகுதான். 2016 ஜனவரியில் ஹைதராபாத் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா இறந்தபோது, சாதியும் உயர்கல்வியும் பற்றி நாடு பேசியது அவரது கடைசிக் கடிதம் இணையத்தில் பரவியதால். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 2021 ஜனவரி 8 இரவு முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்ட செய்தி சமூக ஊடகத்தில் பரவி, மாணவர்கள் வாயிலில் திரண்டு உண்ணாவிரதம் இருக்க, ஜனவரி 11 அன்று துணைவேந்தரே புதிய தூபிக்கு அடிக்கல் நாட்டினார். இவற்றில் எதையும் எந்தத் தரவரிசையும் சமூகப் பொறுப்பு என்ற தலைப்பில் எண்ணியிருக்காது.

பேசாமல் இருப்பதையே கொள்கையாக்கலாமா? சிகாகோ பல்கலைக்கழகம் 1967ல், வியட்நாம் போர்க்காலத்தில், ஹாரி கால்வென் தலைமையில் ஒரு குழு அமைத்து அப்படித்தான் முடிவெடுத்தது: கருத்துச் சொல்வது ஆசிரியரும் மாணவரும், பல்கலைக்கழகம் அவர்களுக்கு இடம் தர வேண்டுமே ஒழிய ஒரு கட்சியாகிவிடக் கூடாது. 2020ல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் வரிசையாக அறிக்கை வெளியிட்டன. 2023 அக்டோபரில் காஸா போர் தொடங்கியதும் அதே வாசகர்கள் இதற்கும் அறிக்கை எங்கே என்று கேட்டார்கள். எதைச் சொன்னாலும் ஒரு பாதி கொதித்தது. டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் சாட்சியம் சொன்ன மூன்று பல்கலைக்கழகத் தலைவர்களில் பென்சில்வேனியாவின் லிஸ் மகில் சில நாளிலும் ஹார்வர்டின் கிளோடின் கே 2024 ஜனவரி 2 அன்றும் விலகினார்கள். 2024 மே மாதம், தன் மையப் பணிக்குத் தொடர்பில்லாத பொது விவகாரங்களில் இனி அதிகாரபூர்வ அறிக்கை வெளியிட மாட்டோம் என்று ஹார்வர்டு அறிவித்தது. இதில் எனக்குப் பாதி உடன்பாடு. உலக நடப்பு பற்றி மக்கள் தொடர்பு அலுவலகம் உருகி எழுதுவதால் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் இந்த மௌனம் வசதியாக உள்விவகாரத்துக்கும் நீள்கிறது. முதலீடு எங்கே, நிலம் யாருடையது, ஊதியம் எவ்வளவு என்பவை மையப் பணிக்கு வெளியே உள்ளவை அல்லவே.

எதிர்த்தரப்பில் நியாயமான ஒரு வாதமும் இருக்கிறது. லார்ஸ் தோகர் கிறிஸ்டென்சன், மெட்டே மோர்சிங், ஓலே திஸ்ஸன் மூவரும் 2013ல் எழுதிய கட்டுரை, செய்யாததைச் சொல்வதையெல்லாம் பொய் என்று ஒதுக்கிவிடாதீர்கள் என்றது. ஒரு நிறுவனம் தான் ஆக விரும்புவதைப் பொதுவில் சொல்லும்போது, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பிறர் அதைச் செயலுக்கு இழுக்க முடியும். ஊதிய இடைவெளிக் கணக்கும் ஜார்ஜ்டவுனும் அதற்கே சாட்சி. வாழ்த்துச் சொல்லாத நிறுவனத்தை அந்தத் தானியங்கிக் கணக்கால் தொட முடியாது. ஆனால் மூவரின் வாதத்துக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. சொல்லைப் பிடித்து இழுக்க யாராவது இருக்க வேண்டும், அவர் இழுத்தால் ஒழுங்கு நடவடிக்கை வரக் கூடாது. பின்னூட்டப் பெட்டியை மூடி வைத்த பக்கத்தில், மாணவர் கணக்கைத் துறைத்தலைவர் கவனித்துக்கொண்டிருக்கும் வளாகத்தில், ஆசை வெறும் அலங்காரமாகவே நின்றுவிடும்.

நன்றாக நடந்த இடங்களும் உண்டு. 2020 ஜனவரி 22 அன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் லாரன் கார்ட்னரும் அவருடைய ஆய்வு மாணவரும் கொரோனா பரவல் வரைபடத்தை இணையத்தில் ஏற்றினார்கள். கறுப்புப் பின்னணியில் சிவப்புப் புள்ளிகள். உலகமே அதைப் பார்த்தது. தரவு முழுவதும் கிட்ஹப் தளத்தில் திறந்து வைக்கப்பட்டது. தவறு கண்டவர்கள் அங்கேயே சுட்டினார்கள், திருத்தம் நடந்தது. 2023 மார்ச் 10 வரை அது இயங்கியது. அதில் ஒரு இடத்தில்கூடச் 'சமூகப் பொறுப்பு' என்ற சொல் தேவைப்படவில்லை. பல்கலைக்கழகத்துக்குத் தெரிந்த ஒன்று, மக்களுக்கு அன்றே தேவையாக இருந்தது. அதைப் பயன்படுத்தும் நிலையில் கொடுத்தார்கள். கென்ட்டும் டெய்லரும் பட்டியலிட்ட உரையாடல் இதுதான், ஆனால் அவர்களை வாசித்துவிட்டு இதைச் செய்யவில்லை.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்தை இந்த வரிசையில் வைப்பேன். எந்தப் பயிருக்கு எந்த ரகம், எந்தப் பூச்சிக்கு என்ன மருந்து என்று தமிழிலேயே பயிர்வாரியாகக் கிடைக்கிறது. அழகான தளம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் யாருக்காக எழுதப்பட்டது என்பதில் சந்தேகமே வராது. இதே மாநிலத்தின் பெரும்பாலான பல்கலைக்கழகப் பக்கங்களில் கிராம முகாம் பற்றிய பதிவு ஆங்கிலத்தில் வருகிறது. முகாமுக்கு வந்தவர் அதை வாசிக்க முடியாது. வாசிக்க முடியாதவரிடம் கருத்துக் கேட்டுப் பின்னூட்டப் பெட்டி திறந்து வைத்திருப்பதில் என்ன உரையாடல்? ஆய்வாளர்கள் பதிவின் மொழியையும் அதில் இடம்பெற்றவரின் மொழியையும் ஒப்பிட்டாலே போதும், லைக் எண்ணிக்கை சொல்லாத பலவும் தெரியவரும். பதிவு நீக்கப்பட்டதா, வெளியே செய்தி வந்து எத்தனை நாளில் நிறுவனம் வாய் திறந்தது, படத்தில் இருக்கும் ஊர்க்காரருக்குப் பெயர் உண்டா என்பவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வேளாண் அறிவியல் நிலையங்களின் விஞ்ஞானிகள் விவசாயிகளோடு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். விவசாயி இலையைப் படம் எடுத்து அனுப்புகிறார், கூடவே குரல் பதிவில் என்ன ஆயிற்று என்று சொல்கிறார். விஞ்ஞானி மருந்தின் பெயரைச் சொல்கிறார். வேறொருவர் அதே மருந்து போன தடவை தனக்கு வேலை செய்யவில்லை என்று குறுக்கிடுகிறார், விஞ்ஞானி ஏன் என்று விளக்கியாக வேண்டும். இதற்கு ஹேஷ்டேக் இல்லை, இலக்கு எண் இல்லை, தரவிறக்கம் செய்ய எந்தக் கருவியும் இல்லை. ஆய்வு செய்ய விரும்புகிறவர் குழுவில் இருப்பவர்களிடம் அனுமதி கேட்டு, அந்தக் குரல் பதிவுகளை உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கும்.